செலக்‌ஷன் பாயும் வண்டி ஃப்ரிட்ஜும்

டீக்கடையில் கிளாஸ் கைக்கு வந்ததும் பாய் அதைத் தலைக்கு மேல் தூக்கி, அடிப்பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். புதிதாகப் பார்க்கிறவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொள்வார்கள். டீ மாஸ்டர் ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கேட்டே விட்டார்.

"இன்னா பாய் தேடறீங்க தினமும்?"

"விரிசல்."

"என் கடை கிளாஸ்ல விரிசலா?"

"இல்லைன்னு தெரிஞ்சுக்கத்தான்பா பார்க்கறேன்."

அவரை எல்லாரும் செலக்‌ஷன் பாய் என்றுதான் கூப்பிட்டோம். ஆம்பூரில் நாங்கள் வேலை பார்த்த ஷூ கம்பெனியில் தோலைத் தரம் பிரித்து ஒதுக்கும் வேலைக்கு செலக்‌ஷன் என்று பெயர். பேரணாம்பட்டிலிருந்தும் ராணிப்பேட்டையிலிருந்தும் பதனிட்ட தோல் வந்து இறங்கும். எது முதல் தரம், எது இரண்டாம் தரம், எதைத் திருப்பி அனுப்புவது என்று அவர் சொல்வதுதான் சட்டம். நான் டெஸ்பாட்ச் பிரிவில் இருந்தேன். கப்பலுக்குப் போகும் பெட்டிகளின் காகிதத்தில் முதலில் அவர் கையெழுத்து, அதற்குக் கீழே என் கையெழுத்து. அவர் கையெழுத்து இருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு என்னுடையதைப் போட்டுவிடுவேன்.

வடக்கு ஜன்னலை ஒட்டி அவருடைய மேஜை. வெயில் நேரடியாக விழாத வெளிச்சம் வேண்டும் என்பார். "டியூப்லைட்டுக்குக் கீழ எல்லாத் தோலும் மாப்ள மாதிரிதான் இருக்கும்" என்று அவர் சொல்லும்போது பெண்கள் வரிசையில் சிரிப்பு கிளம்பும். தோலை விரித்ததும் முதுகுப் பக்கம் கையே வைக்க மாட்டார். நேராக வயிற்றுப் பக்கம் போய்க் கட்டைவிரலால் அழுத்துவார். ஆட்டுத்தோலோ மாட்டுத்தோலோ, முதுகு இறுக்கமாக இருக்கும், வயிறு தளர்ந்திருக்கும். விற்கிறவன் முதுகைத்தான் மேலே மடித்துக் கொண்டுவருவான்.

"முதுகை அவனே காட்டுவான். வயித்தை நாமதான் தேடணும்" என்பார்.

தோலோடு நின்றிருந்தால் அது தொழில். அவருக்கு உலகத்தில் எந்தப் பொருளைக் கண்டாலும் அதன் வயிறு எங்கே என்ற விசாரம்தான். பிரியாணிக் கடையில் உட்கார்ந்தால் முதலில் கத்திரிக்காயை வைக்கச் சொல்வார். ஆம்பூரில் பிரியாணியை எவனும் கெடுக்க மாட்டான், கத்திரிக்காயில்தான் சோம்பேறித்தனம் தெரியும் என்பது அவர் கட்சி. கத்திரிக்காய் சரியில்லை என்றால் இலையிலிருந்து எழுந்துவிடுவார். கூடப் போன நாங்களும் பசியோடு எழுந்திருக்க வேண்டியதுதான். அந்த ஒரு பேஜாருக்காகவே அவரோடு சாப்பிடப் போவதை நான் குறைத்துக்கொண்டேன்.

தன் மகளைப் பெண் கேட்டு வந்த பையனை அவர் பார்த்த விதம் கம்பெனியில் பெரிய கதை. பையனின் படிப்பு, வேலை எதையும் அவர் கேட்கவில்லை. பத்து மணிக்கு வந்தவர்களுக்கு மூன்று மணி வரை சாப்பாடு போடவில்லை. பையன் பசியில் என்ன பேசுகிறான், அம்மாவிடம் எரிந்து விழுகிறானா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பையன் முகம் சுருங்கியதே தவிர வாய் திறக்கவில்லை. பக்கத்திலிருந்த கிழவருக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தான். அன்றைக்கே நிக்காஹ் நாள் குறித்துவிட்டார். மகள்தான் ஒரு மாதம் அப்பாவோடு பேசவில்லை. "குடும்ப மானத்தையே பட்டினி போட்டுட்டாரு" என்று அவள் சொன்னதாக அவரே சொல்லிச் சிரிப்பார். அந்த மருமகன் இன்றைக்கும் தங்கம்.

நான் சொல்லப்போகும் கோடைக்கு முந்தைய ஒன்றரை வருஷத்தில் அவரிடம் ஒரு புது வழக்கம் வந்திருந்தது. தோலை விரலால் அழுத்தியதும் அப்படியே தூக்கிக் கன்னத்தில் வைத்துக்கொள்வார். கண்ணை மூடி ஒரு நொடி, பிறகு தரம் சொல்வார். வித்தை முற்றிவிட்டது என்று நாங்கள் பேசிக்கொண்டோம். செலக்‌ஷனில் இருந்த இளவட்டங்களும் கன்னத்தில் வைக்க ஆரம்பித்தார்கள். அவர் அதைப் பார்த்தும் ஒன்றும் சொன்னதில்லை.

நான் நேர் எதிர். அட்டைப்பெட்டி ஆள். பெட்டியின் மேல் என்ன அச்சடித்திருக்கிறதோ அதை அப்படியே நம்புவேன். இருபது வருஷம் பெட்டிகளோடு வாழ்ந்தவனுக்கு வேறு என்ன புத்தி வரும்.

எங்கள் மகள் பவித்ராவுக்குப் பத்து வயதில் சர்க்கரை நோய் வந்தது. பெரியவர்களுக்கு வருகிற வகையல்ல. உடம்பு இன்சுலின் சுரப்பதையே நிறுத்திக்கொள்கிற வகை. நாளைக்கு நான்கு ஊசி. அதற்கு முன்னால் லீவு விட்டால் நானும் என் மனைவி சுமதியும் பவியும் காரில் டென்ட்டைப் போட்டுக்கொண்டு ஜவ்வாது மலைக்குக் கிளம்பிவிடுவோம். தெரிந்தவர் ஒருவரின் சாமைக் கொல்லை ஓரத்தில் கூடாரம் அடித்து இரண்டு நாள், மூன்று நாள் கிடப்போம். நோய் வந்த பிறகு போகவில்லை. கையிருப்பு இன்சுலினைக் குளிரில் வைக்க வேண்டும். நம் ஊர்க் கோடையில் மூடிய காருக்குள் ஒரு மணி நேரம் இருந்தாலே அது கெட்டுவிடும். ஐஸில் நேராகப் போட்டு உறைந்தாலும் கெட்டுவிடும். கெட்டது கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கும், ஊசி போட்டும் பிரயோசனம் இருக்காது. மலையில் பக்கத்தில் ஆஸ்பத்திரி கிடையாது. சுமதி அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம் என்றுவிட்டாள்.

ஒரு வருஷம் கழித்து, பதினோரு வயது பவி சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்கப்பா. நான் அத்தை வீட்ல இருக்கேன். எனக்கு ஒண்ணும் இல்ல."

குழந்தை தன்னை ஒரு சுமையாக எடை போட்டு வைத்திருக்கிறாள் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. மறுநாளே காரில் வைக்கிற சின்ன ஃப்ரிட்ஜ் ஒன்று வாங்குவது என்று முடிவு செய்தேன். வாரம் முழுக்க மொபைலில் படம் படமாகப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்தும் விட்டேன். லேசானது, அழகானது, 'இருபது டிகிரி குளிர்ச்சி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பெருமையாக பாயிடம் காட்டினேன்.

"இன்னா வைக்கப் போற இதுல?"

சொன்னேன். அவர் மொபைலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "படத்துக்கு வயிறு கிடையாது. பொருள் எங்க இருக்கு?"

வேலூரில் கார் சாமான்கள் விற்கும் கடை ஒன்றில் இருந்தது. சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு இருவரும் போனோம். நல்ல சித்திரை வெயில். கடைப்பையன் அந்தப் பெட்டியைத் திறந்து ஜூஸ் டப்பா ஒன்றை எடுத்து பாய் கையில் கொடுத்தான். அவர் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "சில்லுனுதான் இருக்கு. உங்க கடையும் சில்லுனுதான் இருக்கு. ஏசி ஓடுது. இதைத் தூக்கிட்டுப் போய் வாசல்ல வைப்பா" என்றார்.

"வெயில்லயா பாய்?"

"இவங்க காரு மேல எவன் பந்தல் போட்டு வச்சிருக்கான்?"

முதலாளி எழுந்து வந்தார். பாய் விவரத்தைச் சொன்னார், குரல் உயரவில்லை. குழந்தைக்கு மருந்து என்றதும் முதலாளியே ஒயரை இழுத்து வாசலில் பெட்டியை ஓட விட்டார். உள்ளே ஒரு தண்ணீர் பாட்டில், பாட்டிலுக்குள் பாய் கொண்டுவந்திருந்த வெப்பமானி. பதினொரு மணியிலிருந்து இரண்டு மணி வரை பாய் பெட்டி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. ரோட்டில் போகிறவர்கள் என்ன விற்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

இரண்டு மணிக்குத் தண்ணீர் இருபத்துமூன்று டிகிரியில் இருந்தது. மருந்துக்கு எட்டைத் தாண்டக் கூடாது.

"பெட்டி கெட்டுப்போச்சா?" என்றேன்.

பாய் பெட்டியைக் கவிழ்த்தார். "எனக்கு இங்கிலீஷ் வராது. அடில பொடி எழுத்துல இன்னா எழுதியிருக்கு, படி."

படித்தேன். சுற்றியிருக்கும் வெப்பத்தைவிட இருபது டிகிரி வரை குறைவாகக் குளிரூட்டும் என்று எழுதியிருந்தது. வெளியே நாற்பத்திரண்டு. பெட்டி பொய் சொல்லவில்லை. எதிலிருந்து இருபது என்று யோசிக்காமல் வாரம் முழுக்க மேல்பக்கத்தையே படித்துக்கொண்டிருந்தது நான்தான். அந்த இருபத்துமூன்று டிகிரியில் பவியின் மருந்தை வைத்துக்கொண்டு மலையேறியிருப்பேன்.

"இத்தினி பேருக்கு வித்துட்டேன் பாய், ஒருத்தர்கூட வெளில வச்சுக் காட்டுன்னு கேட்டதில்ல" என்றார் முதலாளி. வீட்டு ஃப்ரிட்ஜைப் போலவே கம்ப்ரஸர் வைத்த பெட்டி ஒன்றும் கடையில் இருந்தது. கனம் ஜாஸ்தி. அதுவும் வாசலுக்கு வந்தது. ஒரு மணி நேரத்தில் நான்கு டிகிரி காட்டியது. நான் எடுத்துவிடலாம் என்றேன்.

"இருப்பா. இதோட வயிறு எங்கன்னு இன்னும் தெரியல."

முதலாளி கும்பிட்டார். "மூணு நாள் வீட்ல வச்சுப் பாருங்க பாய். புடிக்கலைன்னா கொண்டாந்துடுங்க. வாசல்ல மட்டும் உக்காராதீங்க."

மறுநாள் ஞாயிறு. எங்கள் வீட்டு வாசலில் வெயிலில் என் கார். காலை ஏழு மணிக்கே பாய் வந்துவிட்டார். பவியிடம் காலி இன்சுலின் பாட்டில்கள் இருக்கிறதா என்று கேட்டார். அவள் தூக்கி எறியாமல் வைத்திருந்த பத்துப் பன்னிரண்டு குட்டி பாட்டில்களைக் கொண்டுவந்தாள். ஊசியால் தண்ணீர் ஏற்றி, ஒவ்வொன்றிலும் எண் ஒட்டி, பெட்டியின் எந்த மூலையில் எந்த எண் என்று நோட்டில் படம் போட்டாள். நோய் வந்ததிலிருந்து அந்தப் பாட்டில்களை அவள் சிரித்துக்கொண்டே தொட்டு நான் பார்த்தது அன்றுதான்.

முதல் மணி நேரத்திலேயே ஒன்று தெரிந்தது. கார் சாவியை எடுத்தால் பெட்டிக்கு மின்சாரம் நின்றுவிடுகிறது. "சாப்பிட நிறுத்தினாலே மருந்து வேகும்" என்றார் பாய். தெருமுனை எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்தோம். பெட்டியே காரின் பேட்டரியைக் குடித்துத் தீர்த்துவிடாமல் இருக்க, சார்ஜ் இறங்கினால் தானாக நின்றுகொள்ளும் பொத்தான் ஒன்று அதில் இருந்தது. அதையும் கண்டுபிடித்து வைத்தார். தினம் ஒரு மணி நேரமாவது வண்டியை ஓட்ட வேண்டும் என்று பவி நோட்டில் எழுதிக்கொண்டாள். சுமதி தர்பூசணி வெட்டிக் கொடுத்தாள். பாய் துண்டைக் கவிழ்த்துத் தோலைப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டார்.

உச்சி வெயிலில் பெட்டியைத் திறந்தார்கள். வெளியே முகப்பில் நான்கு என்று காட்டியது. பாய் வெயிலுக்காகத் துண்டைத் தலையில் போட்டுக் கன்னம் மறைய முடிச்சிட்டிருந்தார். குனிந்து பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து, விரலால் தொட்டுச் சொல்லி, பவி கையில் கொடுத்துக்கொண்டே வந்தார்.

"ஒண்ணு, சில்லுனு இருக்கு. ரெண்டு, அதே. மூணு, அதே... ஏழு, அதே."

"சாச்சா," என்றாள் பவி. உருதுவில் சித்தப்பா; அவரை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். "ஏழு ஐஸா இருக்கு."

பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டினாள். தண்ணீர் அசையவில்லை. அடியில் கம்ப்ரஸரை ஒட்டிய சுவர்ப் பக்கம் வைத்திருந்த பாட்டில் அது. முகப்பில் நான்கு, மூலையில் உறைநிலை. பெட்டியின் வயிறு கிடைத்துவிட்டது. நான் சந்தோஷப்பட்டு ஏதோ சொல்லப் போனேன். ஆனால் அவர்கள் இருவரும் பெட்டியைப் பார்க்கவில்லை.

தோலில் அரை நூல் கனம் கூடக் குறைய இருந்தால் சொல்கிற விரல், ஐஸையும் தண்ணீரையும் ஒன்று என்று சொல்லியிருக்கிறது. எனக்கு அந்தக் கன்னம் ஞாபகத்துக்கு வந்தது. ஒன்றரை வருஷமாக நாங்கள் வித்தை என்று வாயைப் பிளந்து பார்த்த கன்னம்.

"எப்பத்திலிருந்து சாச்சா விரல் தெரியல?" என்று பவி கேட்டாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். சர்க்கரையைக் கவனிக்காமல் விட்டால் முதலில் கால் விரல், பிறகு கைவிரல் மரத்துப் போகும் என்று.

"அது தோல் தொட்டுத் தொட்டுக் காய்ச்சுப் போச்சும்மா. தோல் பதனிடற மருந்துத் தண்ணி பட்ட கை."

"டெஸ்ட் பண்ணீங்களா?"

அவர் அடுத்த பாட்டிலுக்குக் கை நீட்டினார். அவள் உள்ளே போய்த் தன் பையை எடுத்துவந்தாள். புது ஊசி மாட்டி அவர் விரலில் குத்தினாள். குத்தியதை அவர் உணரக்கூட இல்லை என்பதை நான் பார்த்தேன். மிஷினில் முந்நூற்றுத் தொண்ணூறு வந்தது.

"தர்பூசணி சாப்ட்ட கை" என்றார் பாய்.

நியாயமான சந்தேகம்தான். சோப்புப் போட்டுக் கழுவ வைத்தாள். துடைத்து, வேறு விரலில், மறுபடியும் புது ஊசி. முந்நூற்று எழுபத்தாறு.

"உன் மிஷின் பழசும்மா."

பவி, ரத்தச் சொட்டு வைக்கிற பட்டைகளின் டப்பாவைத் திருப்பி, அடியில் இருந்த தேதியை எனக்குக் காட்டிப் படிக்கச் சொன்னாள். காலாவதியாக இன்னும் மாதங்கள் இருந்தன. பிறகு ஊசியை மாற்றித் தன் விரலில் குத்திக்கொண்டாள். நூற்று நாற்பது.

"மிஷின் சரியா இருக்கு சாச்சா" என்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது.

பாய் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார். ஊரில் உள்ள அத்தனை பொருளுக்கும் வயிறு தேடிய மனுஷன். தன்னை ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை. அந்த நிமிஷம் நான் நினைத்தது அவரைப் பற்றி அல்ல என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். ஒன்றரை வருஷமாக அவர் கையெழுத்துக்குக் கீழே நான் போட்ட கையெழுத்துகளைத்தான் நினைத்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். சொல்லாதே என்று கேட்கவில்லை. பெட்டியைக் காட்டி, "மேல் கூடைல துணி சுத்தி வைங்க. அடில வைக்காதீங்க. அப்ப இது நல்ல பெட்டி. எடுத்துக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அன்று முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. திங்கட்கிழமை நான் போவதற்குள் அவர் மேனேஜர் அறைக்குப் போய் வந்துவிட்டார். விரல் போய்விட்டது, கன்னத்தால்தான் பார்க்கிறேன், தெரிந்துகொண்டு வைத்துக்கொள்வதானால் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னாராம். மேனேஜர் பழைய காகிதங்களைப் புரட்டிப் பார்த்தார். அந்த ஒன்றரை வருஷத்தில் அவர் தேர்ந்த தோலில் ஒன்றுகூடத் திரும்பி வந்திருக்கவில்லை. ஆனாலும் கையெழுத்தை இன்னொருவருக்கு மாற்றிவிட்டார்கள். பாய் வடக்கு ஜன்னலருகே ஸ்டூலில் உட்கார்ந்து யோசனை சொல்கிறவரானார். அவருக்கு வலித்தது. "என் வயித்தை நானே காட்டிட்டேன், இதுல பேஜார் பட இன்னா இருக்கு" என்றார், ஆனால் அந்த வாரம் டீ கிளாஸை அவர் தூக்கிப் பார்க்கவே இல்லை. மறு வாரம் தூக்கிப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

டாக்டர் அவருக்கும் இன்சுலின் எழுதினார். நாங்கள் அந்தக் கோடையிலேயே மலைக்குப் போய்வந்தோம். பெட்டி ஒருமுறைகூட ஏமாற்றவில்லை. பவி காலையும் மாலையும் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்து, கன்னத்தில் வைத்துப் பார்த்து, நோட்டில் எழுதினாள். சுமதி முதல் நாள் தூங்கவில்லை, இரண்டாம் நாள் தூங்கிவிட்டாள்.

அடுத்த கோடைக்குள் பாய் வேலையை விட்டுப் பேரணாம்பட்டில் மகன் வீட்டோடு போய்விட்டார். பவிதான் போன் போட்டு அவரை மலைக்குக் கூப்பிட்டாள். வந்தவர் டென்ட்டின் தையலை இழுத்துப் பார்த்து, கயிற்றின் முடிச்சை இழுத்துப் பார்த்து முடிப்பதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. பெட்டியின் மேல் கூடையில் இரண்டு துணிப்பொட்டலங்கள். இடது பக்கம் பவியுடையது, வலது பக்கம் அவருடையது.

காலையில் தொழுகை முடித்து அவர் விரிப்பைச் சுருட்டி வைத்தார். சுமதி சர்க்கரை போடாத டீ கொடுத்தாள். அவர் டம்ளரைத் தலைக்கு மேல் தூக்கி அடியைப் பார்த்தார். சுமதி என்னைப் பார்த்துச் சிரித்தாள். பவி கூடையிலிருந்து அவருடைய பாட்டிலை எடுத்து, கவிழ்த்து, கன்னத்தில் ஒரு நொடி வைத்துவிட்டு அவரிடம் நீட்டினாள்.

"பார்த்துட்டியா?" என்றார்.

"பார்த்துட்டேன் சாச்சா."

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பாட்டிலை வாங்கினார். திருப்பிப் பார்க்கவில்லை. கன்னத்தில் வைக்கவில்லை. அப்படியே ஊசியை எடுத்தார்.